கடலூர், பாண்டி வீடுகளுக்கு மாடுலர் கிச்சன்: வழக்கமாக வரும் கேள்விகள்

அளவெடுத்துச் செய்யும் கிச்சன் வேலையில் இருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து லாஸ்பேட்டை வரைக்கும் எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய இவைதான். சென்னை, பெங்களூர் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் முதலில் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நம் பக்கம் உப்புக் காற்றும் உண்டு, கார்த்திகை மழையும் உண்டு. அதனால் இங்கே கதவுக்குப் பின்னால் இருக்கிற விஷயங்களைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

மாடுலர் கிச்சனும், கார்பெண்டரை வைத்து வீட்டிலேயே செய்வதும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்றுபோல இருக்கும், செய்முறை வேறு. மாடுலர் என்றால் ஒவ்வொரு பெட்டியையும் பட்டறையில் மெஷினில் அறுத்து, ஓரத்துக்குச் சூட்டில் உருகும் பசையால் எட்ஜ் பேண்ட் என்கிற மூடு பட்டையை ஒட்டி, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாகப் பூட்டுவது. பின்னால் ஒரு பெட்டி கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கார்பெண்டர் செய்வது சுவரை ஒட்டிச் செய்வது. கோணல் சுவர், குறுகலான மூலை, நடுவில் வந்து நிற்கிற தூண், இதிலெல்லாம் கைத்தேர்ச்சி உள்ள ஒருவர் செய்கிற வேலையை மெஷின் செய்யாது. ஆனால் கையால் தடவி ஒட்டிய ஓரம்தான் சிங்க் பக்கத்தில் முதலில் வாயைப் பிளக்கும். நம்பிக்கையான கார்பெண்டர் கையில் இருந்தால் அவரையே வையுங்கள், பலகையை மட்டும் கூலிக்கு அறுத்து எட்ஜ் பேண்ட் போட்டுத் தருகிற இடத்தில் கொடுத்து வாங்கிவந்து அவரிடம் கொடுங்கள். செலவு பெரிதாக ஏறாது.

கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வீடு. எந்தப் பலகை போடுவது?

பிளைவுட்டில் மூன்று தரம் கேள்விப்படுவீர்கள். கடையில் 'கமர்ஷியல்' என்று கொடுப்பது எம்ஆர் (ஈரப்பதம் தாங்கும்) தரம், அது கட்டில், டிவி யூனிட் வேலைக்குச் சரி, கிச்சனுக்கு வேண்டாம். அடுத்தது பிடபிள்யூஆர் (கொதிநீரை ஓரளவு தாங்கும்), ஐஎஸ் 303 முத்திரையோடு வரும். மூன்றாவது பிடபிள்யூபி (கொதிநீரிலும் பிரியாதது), மரைன் பிளை என்று சொல்வார்கள், ஐஎஸ் 710 முத்திரை இருக்க வேண்டும். 710 தரத்துக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள், அதற்குப் பிறகும் அடுக்கு பிரியக்கூடாது.

கிச்சன் முழுக்க 710 போடச் சொல்ல மாட்டேன், அது வீண் செலவு. மேடைக்குக் கீழே இருக்கிற பெட்டிகளுக்கு, குறிப்பாக சிங்க் பெட்டிக்கும் அதன் இரண்டு பக்கத்துக்கும் 710 போடுங்கள். மேலே சுவரில் தொங்குகிற பெட்டிகளுக்கு பிடபிள்யூஆர் போதும். மரநாரை அழுத்திச் செய்கிற, ஈரம் தாங்கும் எச்டிஎச்எம்ஆர் பலகையும் மேல் பெட்டிக்கும் ஷட்டருக்கும், அதாவது கதவுக்கும், நன்றாகவே இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு மட்டும் இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமா, நாலைந்து வருஷம் ஆன ஏதாவது ஒரு கிச்சனில் சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். கதவின் அடி ஓரத்தில் மைக்கா உதடு மாதிரி வெளியே மடங்கியிருக்கும். பெட்டியின் தரைப் பலகை, குழாய் இறங்குகிற இடத்தைச் சுற்றி உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும். கீலைப் பிடித்திருக்கிற திருகாணி செம்மண் நிறத்தில் இருக்கும், தொட்டால் பொடி கையோடு வரும். அதே கிச்சனின் மேல் பெட்டிகள் கடையில் வாங்கினபடி பளபளவென்று இருக்கும். காசு எங்கே போக வேண்டும் என்பதை அந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

710 என்று அச்சடித்து விற்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

அச்சடிப்பது சுலபம், அதனால் சந்தேகம் நியாயமானதுதான். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் பலகையில் இருக்கும். அந்த முத்திரையைக் கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். அப்புறம் ஒரு வீட்டு வைத்தியம்: அறுத்த மிச்சத்தில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கி, பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மட்டமான பிளை அன்றைக்கே புத்தகம் மாதிரி விரிந்துவிடும். விரியாவிட்டால் அது 710 என்று நிரூபணம் ஆகாது, ஆனால் தள்ளவேண்டியதைத் தள்ளிவிடலாம். துண்டு கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் தெருவில் மழைக்குத் தண்ணீர் ஏறும். அப்படியும் மாடுலர் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் வியாபாரத்துக்கு எதிராகவே பதில் சொல்வது வழக்கம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30-ல் பாண்டி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் என்று நாம் பார்த்துவிட்டோம். ஃபெஞ்சலில் பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வந்தது. வீட்டுக்குள் ஓர் அடி தண்ணீர் இரண்டு நாள் நின்றால் 710-ம் தப்பாது. அடுக்கு பிரியாமல் நிற்கலாம், ஆனால் சேற்று நீர் ஓரம் வழியாக ஏறி, மைக்கா கிளம்பி, கதவு கோணி, நாற்றம் பிடித்துவிடும்.

அப்படிப்பட்ட தெருவில் கீழ் வரிசைக்குப் பலகைப் பெட்டியே வேண்டாம். நம் அம்மாக்கள் காலத்து முறைப்படி செங்கல் தடுப்பு அல்லது கடப்பா கல், இல்லாவிட்டால் ஃபெரோசிமெண்ட் ஸ்லாப் நிறுத்தி, அதன் முன்னால் ஷட்டர் மட்டும் போடுங்கள். ஷட்டருக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய ஃப்ரேம் போட்டால் வெள்ளத்துக்குப் பிறகு கழுவித் துடைத்தால் முடிந்தது. டிராயர் வேண்டுமென்றால் கடப்பா தடுப்புக்குள்ளும் போடலாம், ஆனால் அதைக் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தடுப்புகளுக்கு நடுவே இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால்தான் டிராயர் நகர்கிற தடமான சேனல் ஓடும், கொத்தனார் அரை இஞ்ச் தள்ளி நிறுத்திவிட்டால் பிறகு கட்டை வைத்து ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேல் வரிசையை உங்கள் இஷ்டத்துக்கு அழகாகச் செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறாத இடம் என்றால் பெட்டிகளை 4 இஞ்ச் பிளாஸ்டிக் காலில் நிறுத்துவது போதும். முன்னால் மறைக்கிற பட்டை கிளிப்பில் கழன்று வருகிற மாதிரி இருக்கட்டும், கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடிக்க அந்த வழிதான்.

பிவிசி கிச்சன் பாதி விலையில் வருகிறதே?

உள்ளே பொள்ளலாக இருக்கிற பிவிசி ஷீட் ஒன்று, கெட்டியான ஃபோம் போர்டு ஒன்று. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் இரண்டுமே பயப்படாது, அது உண்மை. பொள்ளல் ஷீட்டில் திருகாணி நிற்காது, கொஞ்ச நாளில் கதவு தொங்கும். அடுப்புச் சூடு படுகிற இடத்தில் இரண்டுமே நெளியும். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு, மாடிப் போர்ஷனுக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கப் போகிற வீட்டில் சிங்க் பெட்டிக்கு மட்டும் கெட்டி ஃபோம் போர்டு போடுவது நல்ல யோசனைதான், வாங்கும்போது ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும்.

கீலும் சேனலும் துருப்பிடிக்காமல் இருக்க என்ன வழி?

முழுக்கத் தடுக்க வழி இல்லை, தள்ளிப்போடலாம். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கடலுக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் சாதாரண நிக்கல் பூச்சுக் கீல் போட்டால் சீக்கிரமே புள்ளி விழும். கீழ் வரிசைக்காவது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் கேளுங்கள். கம்பிக் கூடைகளில்தான் ஏமாற்று அதிகம். 202 ஸ்டீலில் செய்து 304 என்று சொல்வது, கேட்டால் காந்தத்தை வைத்துக் காட்டி 'ஒட்டலை பாருங்க' என்பது. 202-லும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதமும் நிக்கல் சுமார் 8 சதவீதமும் இருக்கும், 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், உப்புக்கு அது தாங்காது. 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதில் தயங்கினாலே புரிந்துகொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால் கம்பிக் கூடையே வேண்டாம். அதற்குப் பதில் நல்ல சேனலில் ஓடுகிற மூடின டிராயர் போடுங்கள். கூடையில் கரண்டி நழுவும், டம்ளர் சாயும், துடைப்பதும் கஷ்டம்.

மேடை எவ்வளவு உயரம்?

சமைக்கிறவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 இஞ்ச் கழியுங்கள். 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு 33 இஞ்ச் பக்கம் வரும், ஐந்தரை அடி ஆளுக்கு 36 வரும். கொத்தனார் பழக்கத்தில் ஒரு அளவு போட்டுவிடுவார், நீங்கள் சொல்லாவிட்டால் அவரிஷ்டம்தான். இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: மேடைமேல் வைக்கிற சாதாரண அடுப்பு தானே 4, 5 இஞ்ச் உயரம், அதன்மேல் குக்கர் ஏறினால் உள்ளே எட்டிப் பார்த்துக் கிளறத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். கல்லுக்குள் பதிக்கிற ஹாப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. அடுப்புதான் என்றால் அந்த இடத்தில் மட்டும் கல்லை மூன்று இஞ்ச் இறக்கலாம். தோள்வலி உள்ளவர்கள் வீட்டில் நான் இதைக் கட்டாயம் சொல்வேன்.

வீட்டில் இரண்டு பேர் சமைக்கிறார்கள், ஒருவர் குள்ளம் ஒருவர் உயரம் என்றால் அதிக நேரம் நிற்கிறவர் அளவுக்கே போடுங்கள்.

கிரைண்டர், அரிசி மூட்டை, அண்டா இதெல்லாம் எங்கே போகும்?

வீடியோக்களில் வருகிற கிச்சன்களில் கிரைண்டரே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? நம் வீட்டில் மாவு ஆட்டாமல் வாரம் போகாது. கிரைண்டரை உள்ளேயிருந்து இழுக்கிற தட்டில் வைக்கலாம் என்று படத்தில் அழகாகக் காட்டுவார்கள். வேண்டாம், ஓடும்போது ஆடும், தட்டும் நாளடைவில் தொங்கிவிடும். சிங்க்குக்குப் பக்கத்தில் இரண்டடி உயரத்தில் கல்லால் ஒரு சின்ன மேடை போட்டு, அருகிலேயே பிளக் பாயிண்ட் வையுங்கள். குனியாமல் மாவு வழிக்கலாம், கழுவின தண்ணீர் நேராக வடியும்.

அரிசி 25 கிலோ சிப்பமாக வாங்குகிறவர்கள் அதை டிராயரில் கொட்டி வைக்க ஆசைப்படுவார்கள். சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண டிராயர் 30 கிலோவுக்குத்தான் செய்திருப்பார்கள், அரிசியும் டப்பாவும் டிராயரின் எடையும் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும். தரைமட்டத்தில் ஒரு திறந்த அறை விட்டு, டிரம்மைச் சக்கரத் தட்டில் வைத்து உருட்டுவது எவ்வளவோ மேல். அண்டா, பெரிய இட்லிப் பானை, வருஷத்துக்கு ஒருமுறை இறக்குகிற பித்தளைப் பானைகள் லாஃப்ட்டுக்கு, அதாவது பரணுக்குப் போகட்டும்.

பிளக் பாயிண்டை மட்டும் தாராளமாக வையுங்கள். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 6 ஆம்பியர் பாயிண்ட் ஆகாது, 16 ஆம்பியர் வேண்டும். ஓவன் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே இன்னொன்று.

மீன் ஆய்கிற வீடு. ஒரு சிங்க் போதுமா?

போதாது. பின்பக்க யூட்டிலிட்டியில் ஆழமான ஒரு சிங்க்கோ, இடம் இருந்தால் பழைய மாதிரி தரைத் தொட்டியோ வையுங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து ஆய்கிறவர்களுக்குத் தரைத் தொட்டிதான் வசதி. செதிலைப் பிடிக்கிற சல்லடை போடாமல் விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் குழாய் முனையில் வெள்ளைப் படிவு அடைக்கும், கழற்றி வினிகரில் ஊறவைக்கிற மாதிரி முனை உள்ள குழாயாக வாங்குங்கள்.

கல்: கிரானைட்டா, குவார்ட்ஸா?

கறுப்பு கிரானைட். சூடான வாணலியை இறக்கி வைக்கலாம், புளித்தண்ணீர் கொட்டினாலும் கவலை இல்லை. குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் சூட்டில் கருகும். மார்பிள் வேண்டாம், எலுமிச்சம்பழச் சாறு பட்ட இடம் மங்கிவிடும்.

சிலிண்டரை உள்ளே வைத்து மூடிவிடலாமா?

காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சிலிண்டர் நிமிர்ந்து, தரைமட்டத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பை விடத் தாழ்வாக நிற்க வேண்டும். வெளியே கம்பிக் கூண்டில் வைத்து உள்ளே செம்புக் குழாய் இழுப்பது நல்ல ஏற்பாடு, அதைத் தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். உள்ளேதான் இடம் என்றால் அந்த அறைக்குக் கதவே வேண்டாம். பார்வைக்கு மறைக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அடிமட்டம் வரை பட்டைச் சந்து விட்ட ஷட்டர் போட்டுக் கொடுப்போம், அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன். ரப்பர் குழாயை ஒன்றரை மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சிம்னி தேவையா?

கடுகு தாளிப்பும் மீன் வறுவலும் உள்ள வீட்டுக்குத் தேவை, ஆனால் வெளியே குழாய் விடுகிற வகைதான். அடுப்பிலிருந்து 26 முதல் 30 இஞ்ச் உயரத்தில் மாட்டுங்கள். குழாயில் வளைவு கூடக்கூட இழுப்பு குறையும். குழாய் கிழக்குச் சுவரில் வெளியேறினால் பிற்பகலில் கடல்காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும், வாயில் காற்றுத் தடுக்கும் மூடி போடச் சொல்லுங்கள்.

சதுர அடி கணக்கில் எங்கே ஏமாறுவோம்?

மூலையில். எல் வடிவக் கிச்சனை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 8 அடி. டேப்பைச் சுவரோடு வைத்தால் 18 அடி வரும். ஆனால் மேடை 2 அடி ஆழம், அந்த மூலை இரண்டு பக்கமும் கணக்கில் ஏறிவிட்டது. உண்மையில் செய்கிற பெட்டி 10 அடியும் 6 அடியும், ஆக 16 தான். இரண்டே முக்கால் அடி உயரத்துக்கு ஐந்தரை சதுர அடி காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள், மேல் வரிசையிலும் இதே கூத்து நடக்கும். அதனால் சதுர அடி விலையை மட்டும் இரண்டு கொட்டேஷனில் ஒப்பிடாதீர்கள். பெட்டி வாரியாக அளவு, பலகைத் தரம், கனம், உள்பக்க மைக்கா, பின்பலகை, கீல் எத்தனை, டிராயர் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். பின்பலகையை எழுதாமல் விட்டுவிட்டால் சில இடங்களில் வராமலே போகும், சுவர்தான் பின்பலகை.

கடலூரில் வீடு, பாண்டியில் வாங்கினால் வரி மிச்சமா?

அந்தக் காலம் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. மர கிச்சன் கேபினட்டுக்கு இரண்டு ஊரிலும் ஒரே 18 சதவீதம்தான், கடலூரில் வாங்கினால் பில்லில் மாநில வரி, மத்திய வரி என்று பிரிந்திருப்பது, பாண்டியிலிருந்து வாங்கினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும், அவ்வளவே. 'பில் இல்லாமல் முடிச்சுக்கலாம்' என்றால் அதோடு உங்கள் வாரண்டியும் முடிந்தது.

பாண்டியில் பழைய காலத்து வீடு. சுவரில் மேல் பெட்டி நிற்குமா?

சுண்ணாம்புச் சாந்தில் கட்டின சுவர் திருகாணியைப் பிடிக்காது, துளை போடும்போதே மாவாகக் கொட்டும். பாத்திரம் ஏற்றின மேல் பெட்டியை அதில் தொங்கவிடாதீர்கள். தரையிலிருந்து நிற்கிற உயர அலமாரி போடுங்கள், அல்லது தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் பெட்டியைத் தொங்கவிடுங்கள். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராகவும் இருக்காது, அளவை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் எடுத்தார்களா என்று பாருங்கள்.

வாஸ்து?

தென்கிழக்கு மூலையில் அடுப்பு, கிழக்கு பார்த்துச் சமைப்பது என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஜன்னலும் குழாயும் ஒத்துவந்தால் செய்துவிடலாம். ஒத்துவராவிட்டால் சிங்க்கை இருட்டு மூலைக்குத் தள்ளிவிட்டு வருஷக்கணக்கில் சிரமப்படாதீர்கள்.

எப்போது ஆரம்பிப்பது? பணம் எப்படிக் கொடுப்பது?

புது வீடு என்றால் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஈரத்தோடு பெட்டியை ஒட்டிப் பூட்டினால் பின்பலகை பூஞ்சை பிடிக்கும். பொங்கல் கழித்து அளவெடுக்கச் சொல்லுங்கள், ஆனால் பிளக் பாயிண்ட், குழாய் இடமெல்லாம் சுவர் பூசுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், அதற்கு வரைபடம் முன்கூட்டியே வேண்டும்.

பணத்தை நாலாகப் பிரியுங்கள்: வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம், பலகை பட்டறைக்கு வந்ததும் பெரிய பங்கு, பெட்டி உங்கள் வீட்டில் இறங்கினதும் ஒரு பங்கு, மிச்சம் எல்லாக் கதவும் டிராயரும் ஓடிப் பார்த்த பிறகு. பலகை வந்ததும் பட்டறைக்கு ஒரு நடை போய், அறுப்பதற்கு முன்னால் முத்திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது எந்தப் பலகை என்று யாராலும் சொல்ல முடியாது.